தண்ணி நிக்குதா மாப்ள?

மச்சான்,

இன்று காலை உங்கள் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கிணற்று வாசனை வந்தது. மண் நனையும் வாசனை எனக்குத் தெரியும். இது அது இல்லை. பாசியும் புறா எச்சமும் வெயில் படாத கல்லும் கலந்து, சின்ன வயதில் கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கத்தும்போது முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு நாலு பக்கமும் பார்த்தேன். நம் வீட்டில் கிணறு ஏது? அதை மூடித்தான் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதே.

தண்ணீர் பாத்தியில் ஒரு சுற்றுச் சுற்றி, 'களுக்' என்று உள்ளே போய்விட்டது. நான் குடத்தை நிமிர்த்துவதற்குள் பாத்தி காய்ந்து கிடந்தது. இன்னொரு குடம் ஊற்றினேன். அதுவும் போனது.

உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் போய் வருஷத் திதியும் முடிந்துவிட்டது. இந்தச் செடியின் பக்கத்தில் நின்றால் மட்டும், பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவீர்கள் என்று தோன்றுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பதில் வராத மடல்தான். நீங்கள் உயிரோடு இருந்தபோது மட்டும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னீர்களா என்ன?

நீங்கள் செந்துறை பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அரியலூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டுச் சாயங்காலம் நேராக நம் வீட்டுக்கு வருவீர்கள். தங்கச்சி கையால் காபி குடிக்க வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன். காபி ஆறிக்கொண்டிருக்கும், நீங்கள் வாசலில் செடியின் அடியில் குந்தியிருப்பீர்கள். ரிட்டையர் ஆன மறுவாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "பத்து நாள் இருந்துட்டுப் போறேன் மாப்ள" என்றீர்கள். உங்கள் வீட்டு அக்காவும் தவறிவிட்டார், பிள்ளையும் இல்லை, செந்துறை வீட்டில் தனியாக என்ன செய்வார் என்று நானும் சந்தோஷமாகத்தான் பெட்டியை வாங்கி வைத்தேன். அந்தப் பத்து நாள் கடைசி வரை முடியவில்லை.

"உங்க காலண்டர்ல பத்துக்கு அப்புறம் நம்பரே கெடையாதா மச்சான்?" என்று கேட்டால், "பதினொண்ணு வரட்டும், கெளம்பிடறேன்" என்பீர்கள். வெற்றிலைச் சிவப்போடு ஒரு சிரிப்பு. ஊரில் சிலர் வேறு மாதிரிப் பேசினார்கள். தங்கச்சி வூட்டுச் சோத்துக்கு ஒட்டிக்கிட்டாரு என்றார்கள். உங்கள் காதில் விழும்படியே டீக்கடையில் சொன்னதும் உண்டு. ரோஷக்காரரான நீங்கள் அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது.

செடி ஒன்றும் அபூர்வமானதில்லை. பச்சை இலையில் மஞ்சள் தெறித்த மாதிரி புள்ளி. இலை முற்ற முற்ற மஞ்சள் சிவப்பாகும். பூ கிடையாது, காய் கிடையாது, வாசனை கிடையாது. என் மகள் பாப்பாவின் கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாளே நீங்கள் பெரம்பலூர் போய், நர்சரியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். உங்கள் தங்கச்சிக்குப் பிடிக்கவில்லை.

"ஏண்ணே, ஒரு செம்பருத்தி வச்சா சாமிக்காவது ஆவும். இத வச்சு என்ன பண்றது?"

"இது எல உதுராது புள்ள. எல்லாக் காலத்துலயும் ஒரே மாதிரி நிக்கும். எதுனா மாறுச்சுன்னா ஒடனே தெரிஞ்சிரும்" என்றீர்கள்.

செடிக்கு இப்படி ஒரு லட்சணமா என்று நானும் அவளும் சிரித்தோம்.

தண்ணீர் ஊற்றுவதை நீங்கள் யாருக்கும் விடவில்லை. சித்திரையில் கத்திரி வெயிலுக்கு இலையெல்லாம் மத்தியானமே தொங்கிப்போகும். காலையில் ஒரு குடம், பொழுது சாய ஒரு குடம். ஆடியில் காற்று சுண்ணாம்புக்கல் சுரங்கத்துத் தூசியை அள்ளிக்கொண்டு வந்து இலைமேல் பூசிவிடும். மஞ்சளும் சிவப்பும் போய்ச் செடியே சாம்பலாக நிற்கும். பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து இலை இலையாகத் துடைப்பீர்கள். கைக்குழந்தைக்குக்கூட யாரும் அத்தனை பொறுமையாக முகம் துடைத்து நான் பார்த்ததில்லை. மார்கழிப் பனியில் ஒரு சொம்பு போதும் என்பீர்கள். அப்போதுதான் செடி அதன் முழு நிறத்தையும் காட்டும். வாசலில் கோலம் போடும் உங்கள் தங்கச்சியே நிமிர்ந்து ஒரு தரம் பார்ப்பாள்.

ஊற்றிவிட்டு வந்துவிடவும் மாட்டீர்கள். குடத்தைக் கவிழ்த்ததும் இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டு பாத்தியையே பார்த்தபடி நிற்பீர்கள். தண்ணீர் முழுவதும் மண்ணுக்குள் போனபிறகுதான் துப்பிவிட்டு வருவீர்கள். ஆரம்பத்தில் ஒரு வெற்றிலையை நிதானமாக மென்று முடிக்கிறவரை தண்ணீர் நிற்கும். சில வருஷம் போனபின், பாதி மெல்லும்போதே நீங்கள் துப்பிவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். வயசாகிவிட்டது, முன்னைப்போல நிற்க முடியவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஐப்பசி மழைதான் ஊருக்கே வேடிக்கை. வானம் கிழிந்து ஊற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு கையில் குடை, ஒரு கையில் குடம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவீர்கள். எதிர்வீட்டுக்காரர் சன்னல் வழியாகக் கத்தினார்: "டிரைவர் சார், அப்புடியே எங்க வூட்டு வாசலுக்கும் ரெண்டு கொடம் ஊத்துங்க, காஞ்சு கெடக்கு!" தெருவே சிரித்தது. நானும்தான். பஸ் ஓட்டி ஓட்டி மச்சானுக்கு வைப்பர் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டது, மழை தெரியவில்லை என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. தெருவெல்லாம் தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கி நின்றது. உங்கள் பாத்தியில் மட்டும் தேங்கவில்லை. நான் சிரிப்பதில் மும்முரமாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

சுரங்கத்தில் மத்தியானம் வெடி வைப்பார்களே, அப்போது நம் வீட்டு எவர்சில்வர் தம்ளர்கள் கிணுகிணுக்கும். எல்லோரும் அண்ணாந்து சுவரைப் பார்ப்போம், புதுசாக விரிசல் விழுந்திருக்கிறதா என்று. நீங்கள் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய்ச் செடியைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவீர்கள். "செடிக்கு வெடிச் சத்தம்னா பயமா மச்சான்?" என்று கேட்டேன் ஒருநாள். "அதுக்கு இல்ல மாப்ள" என்று மட்டும் சொன்னீர்கள்.

அப்புறம் அந்த வேலி. இடுப்பளவுச் செடிக்கு, ஒரு மாட்டையே உள்ளே கட்டலாம் போல அகலமாக, வட்டமாக முள்கம்பி. கொடி கட்ட இடமில்லை, வடகம் காயப்போட இடமில்லை என்று உங்கள் தங்கச்சி தினமும் புலம்புவாள். யார் பிள்ளையாவது பந்து எடுக்க வேலிக்குள் கை விட்டால், அவ்வளவு சாதுவான நீங்கள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செடி வைத்தபோது சன்னலின் இரண்டாவது கம்பிக்கு நேராக நின்றது. வருஷா வருஷம் துளிர் விடுகிறது, தண்டு தடிக்கிறது, நீங்கள் ஒரு கிளையைக்கூட வெட்டியதில்லை. ஆனாலும் நுனி அதே இரண்டாவது கம்பிக்கு நேராகத்தான் நிற்கிறது. "வளருது, ஆனா ஒசரலியே மாப்ள" என்று ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள். குள்ள ஜாதியாக இருக்கும் என்றேன். நீங்கள் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்திருந்தபோது மூச்சு விடவே சிரமப்பட்டீர்கள். வார்டுக்கு வெளியே கார்த்திகை மழை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி நிக்குதா மாப்ள?" என்றீர்கள்.

"செடி நல்லா இருக்கு மச்சான். நாந்தான் ஊத்துறேன்."

"செடியக் கேக்கல. தண்ணியக் கேட்டேன்."

காய்ச்சலில் உளறுகிறீர்கள் என்று நினைத்தேன். மார்கழி பிறந்ததும் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து நான்தான் ஊற்றுகிறேன். வெற்றிலைப் பழக்கம் எனக்குக் கிடையாது. ஊற்றியதும் உள்ளே வந்துவிடுவேன். இப்போது பேத்திக்குக் காது குத்து வைத்திருக்கிறோம். கல்லங்குறிச்சிக் கோயிலில் காது குத்தி, விருந்து நம் வீட்டில். மருமகனின் சொந்தக்காரர்கள் செட்டிகுளத்திலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். வாசல் முழுக்கப் பந்தல். இடம் போதவில்லை என்று உங்கள் தங்கச்சி போன வாரம் உங்கள் வேலியைப் பிரித்துவிட்டாள். செடியையும் எடுத்துவிடலாம் என்கிறாள். அண்ணன் ஞாபகமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மறு நிமிஷம் அவளே சொல்கிறாள். பாப்பாவும் பேத்தியும் நேற்றே வந்துவிட்டார்கள். பேத்தி செடியின் அடியிலேயே உட்கார்ந்து, தானாக உதிராத இலையையெல்லாம் பிய்த்து மஞ்சள் தனி, சிவப்பு தனியாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இருந்தால் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

பந்தல்காரர் வந்துவிட்டார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

அந்தப் 'பிறகு' இன்றைக்குத்தான் வந்தது. நடுவில் ஒரு மாசத்துக்கு மேல் ஓடிவிட்டது. மேலே எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். எழுதியவனைக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது. அத்தனையும் கண்ணெதிரில் இருந்திருக்கிறது மச்சான். வரிசையாக எழுதியும் இருக்கிறேன். விளங்கவில்லை.

பந்தல்காரர் வாசலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சார், நடுவுல ஒரு காலு நட்டாத்தான் தகரம் நிக்கும். செடிகிட்டயே போட்டுக்கவா?" என்றார். போடுங்கள் என்றேன். கடப்பாரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மண் இளகியது. இரண்டாவது குத்தில் முழங்கை அளவு இறங்கியது. "என்ன சார், வெண்ணெயா இருக்கு!" என்று சிரித்தார். மூன்றாவது குத்தில் கடப்பாரை அவர் கையில் இல்லை.

விழவில்லை, சாயவில்லை. உள்ளே போய்விட்டது. மனுஷன் விரித்த கையைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறார். கொஞ்சம் பொறுத்து, கீழே எங்கிருந்தோ 'டங்' என்று கல்லில் இரும்பு படும் சத்தம் கேட்டது. காலையில் வந்த அதே வாசனை அந்தத் துளை வழியாக மேலே வந்தது.

அப்போது பேத்தி செடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நான் ஊற்றுவதைப் பார்த்து அவளும் ஒரு சின்னச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பந்தல்காரர் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி அவரை அடக்கினேன். கத்தினால் பிள்ளை பயந்து குதிப்பாள். குதித்தால் என்ன ஆகும் என்று எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. என் குரல் எனக்கே கேட்காத மாதிரி, "தங்கம், தாத்தாகிட்ட வா. மெதுவா நடந்து வா. பையில மிட்டாய் இருக்கு" என்றேன். அவள் சொம்பைக் கவிழ்த்து, மீதித் தண்ணீரையும் செடிக்கு ஊற்றி முடித்தாள். அப்புறம் அடுக்கி வைத்த இலைகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டாள். அப்புறம்தான் நடந்தாள். உங்கள் வேலி இருந்த வட்டத்தை அவள் குறுக்கே நடந்து கடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. உங்களைக் கூப்பிட்டது நினைவிருக்கிறது.

அள்ளித் தூக்கிக்கொண்டேன். "மிட்டாய் எங்க தாத்தா?" என்றாள். பையில் ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் வழக்கம்போலச் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். தம்ளர்கள் கிணுகிணுத்தன. நாங்கள் எல்லோரும் சன்னல் ஓரமாகத்தான் நின்றிருந்தோம். செடி சாய்ந்து விழும் என்று நினைத்தேன். அது சாயவில்லை. நின்ற நிலையிலேயே, ஒரு இலை கலங்காமல், கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல இறங்கியது. முதலில் இரண்டாவது கம்பி, அப்புறம் சன்னல் விளிம்பு, அப்புறம் தரை. கடைசியாக மஞ்சள் நுனி தெரிந்தது. அது போனதும் வட்டமாக ஒரு வாய் திறந்து கிடந்தது. உங்கள் வேலிக்கால் நட்ட குழிகள் அந்த வாயின் விளிம்பைச் சுற்றிச் சரியாக நின்றன.

காது குத்துக் கோயிலோடு முடிந்தது. விருந்தை ஒரு மண்டபத்துக்கு மாற்றிவிட்டோம். அதன்பின் ஆள் விட்டுக் கிணற்றைத் தோண்டிப் பார்த்தோம். அடியில் கல்லும் கைப்பிடிச் சுவர் இடிசலும் கொஞ்ச உயரத்துக்குக் கிடந்தன. அதற்கு மேல் வெற்று இடம். மேலே, சுவரில் சொருகிக் குறுக்கே போட்ட பனஞ்சட்டங்கள், அவற்றின்மேல் கீற்று, வைக்கோல், அப்புறம்தான் மண். சட்டமெல்லாம் மக்கிக் கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது. ஒரு சட்டத்தில் மட்டும் எங்கள் மாட்டுக்கொட்டகையில் மணி தொங்கவிட்ட இரும்பு வளையம் துருவேறிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் கண்ணில் ஓடியது.

பாப்பா கல்யாணத்துக்கு நான் பத்திரிகை வைக்கச் செட்டிகுளம், பெரம்பலூர் என்று அலைந்துகொண்டிருந்தேன். வற்றிப்போன கிணறு வாசலில் திறந்து கிடந்தால் பிள்ளை குட்டி வரும் இடத்தில் ஆபத்து, பந்தலுக்கும் இடைஞ்சல், மூடிவிடுவோம் என்று பேசி, அந்த வேலையை உங்கள் பொறுப்பில் விட்டிருந்தேன். முகூர்த்த மாசம், மண் அடிக்க ஒரு டிராக்டர் கிடைக்கவில்லை. பெண்ணுக்குத் தாய்மாமன் நீங்கள். பந்தல் வேலை தாய்மாமனால் நின்றது என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். பிரித்துப்போட்ட மாட்டுக்கொட்டகைச் சட்டங்கள்தான் கைக்கு எட்டின. நான் திரும்பி வந்தபோது வாசல் சமமாக, சாணி தெளித்துக் கிடந்தது. "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா!" என்று வாயைப் பிளந்தேன். சம்பந்தி வீட்டார் வந்தபோது அவர்கள் எதிரிலேயே உங்கள் தோளில் கை போட்டு, என் மச்சான் மாதிரி ஒரு வேலைக்காரனை இந்த ஜில்லாவில் காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். கல்யாணம் முடிந்ததும் சொல்லி, தோண்டி, கல் போட்டு நிரப்பலாம் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அத்தனை பேர் முன்னால் நான் புகழ்ந்த பிறகு எப்படிச் சொல்வீர்கள்? நாளைக்கு, நாளைக்கு என்றே வருஷம் ஓடிவிட்டது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது மச்சான். சொல்லாமல் இருக்க முடியாது. அடங்காத கோபம். "மாப்ள, தப்பாப் போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன, உங்களைத் தூக்கிலா போட்டிருப்பேன்? அந்தப் பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து இலை அடுக்கினாளே! உங்கள் தங்கச்சி அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, "எங்கண்ணன் தெரிஞ்சேவா இதச் செஞ்சுட்டு வாய மூடிட்டு இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

இரண்டு நாள் அந்தக் கோபத்திலேயே இருந்தேன். அப்புறம் வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணத்தன்று நீங்கள் பந்தல் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. தாலி கட்டும்போது முறை செய்ய வந்தீர்கள், திரும்பப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டீர்கள். பந்திக்குக் கூப்பிட்டும் வரவில்லை. பக்கத்தில் வந்த பிள்ளைகளை விரட்டினீர்கள். யாராவது நாற்காலியை ஒட்டிப் போட வந்தால் முறைத்தீர்கள். தாய்மாமனுக்கு என்ன கொழுப்பு பார், ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று சம்பந்தி வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

அந்த நாற்காலி எங்கே போட்டிருந்தது என்று இப்போது போய் நின்று பார்த்தேன். சரியாக அந்த இடம். இடிந்தால் நான்தான் உள்ளே போக வேண்டும், வேறு யாரும் கூடாது என்று நாள் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். பிறகு அந்த நாற்காலிக்குப் பதில் செடியை வைத்தீர்கள், வேலி போட்டீர்கள், சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்து காவலுக்கு உட்கார்ந்தீர்கள். தங்கச்சி வீட்டுச் சோற்றுக்கு ஒட்டிக்கொண்டவர் என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டீர்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரே சட்டத்தை மக்க வைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தண்ணீர் எத்தனை நேரம் நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு அளவு; ஊற்றாவிட்டால் எப்போது இடியும் என்று தெரியாது. ஊற்றினால் சீக்கிரம் இடியும். ஒவ்வொரு சாயங்காலமும் குடத்தோடு அந்த இடத்தில் நின்றபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மருமகன் வந்தார். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் நின்று, "யாரு மாமா இந்தக் கெணத்த மூடுனது?" என்று கேட்டார். உங்கள் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குப் பெரியப்பா முறையில் செட்டிகுளத்துப் பெரியவர் ஒருவரும் கூட நின்றார். பெண்ணின் தாய்மாமன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்ததை அன்று பார்த்தவர் அவர்.

"நாந்தான்" என்றேன். "ஆள விட்டு அவசரத்துல மூடுனேன். சரியாப் பாக்கல."

மருமகன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெரியவர், "படிச்ச மனுஷன் செய்யற வேலையா இது" என்றார். மருமகன் குழந்தையோடு வண்டியில் ஏறிவிட்டார். இனிமேல் லீவுக்குப் பேத்தியை இங்கே அனுப்பமாட்டார் போலிருக்கிறது. பாப்பா போனில் பேசும்போது குரல் இறுகியிருக்கிறது. உங்கள் தங்கச்சி மட்டும் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு, கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் தட்டையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றை இப்போது அடியிலிருந்து கல், சரளை, மண் என்று அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்பியிருக்கிறோம். சரியாக நிரப்பியிருக்கிறது என்று ஆட்கள் சொல்கிறார்கள். நானும் கூடவே நின்று பார்த்தேன். ஆனாலும் நம் ஊர்த் தரையை நம்பத் தயக்கமாக இருக்கிறது. சுரங்கம் இன்னும் கிட்டத்தில் வரப்போகிறது என்று பேச்சு. தெருவில் எத்தனை வீட்டில் கிணறு மூடியிருக்கிறது, எதைப் போட்டு மூடினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர், "மூடுனது எங்கப்பா காலத்துல சார், யாரு கண்டா?" என்கிறார். அவர் வீட்டு வாசலில் கார் நிற்கிறது.

பேத்தி பாவாடையில் அள்ளிய இலைகளோடு ஒரு கொம்பும் இருந்தது. அதை மண்ணில் குத்தி வைத்தேன். துளிர் விட்டிருக்கிறது. அதை அதே இடத்தில் நட்டு, நீங்கள் போட்ட அகலத்திலேயே வேலியும் போட்டேன். உங்கள் தங்கச்சி ஒரு வார்த்தை முனகவில்லை. டீக்கடையில் என்னை, கிணறு மூடத் தெரியாத கிளார்க் என்கிறார்கள். அந்த இடத்தில் இத்தனை வருஷம் நீங்கள் எப்படி வாயைத் திறக்காமல் டீ குடித்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. குடிக்கலாம். கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான்.

கடையில் வெற்றிலை வாங்கிப் பழகிக்கொள்கிறேன். சுண்ணாம்பு அதிகமாகி நாக்கு வெந்துவிட்டது. இன்று சாயங்காலம் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, காம்பு கிள்ளி, வாயில் போட்டுக்கொண்டு உங்களைப் போலவே நின்றேன். மத்தியானம் வெடி வைத்திருந்தார்கள். தம்ளர் சத்தம் கேட்டதும் சோற்றிலிருந்து எழுந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருந்தேன். இப்போது மறுபடி பார்த்தேன். வெற்றிலையை முழுசாக மென்று முடித்தேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டீர்களே மச்சான், அதற்குப் பதில்: நிக்குது. இன்னிக்கு நிக்குது.